இவர் எந்தக் குழு?

காலை பத்து இருபதுக்கு இன்டர்காம் அடித்தது. "மேடம், உங்களப் பாக்க ஒருத்தர் வந்திருக்காரு" என்றார் கீழே இருக்கும் செக்யூரிட்டி அண்ணன்.

அந்த நேரத்தில் நான் யாரையும் வரச் சொல்வதில்லை. "யாருண்ணே? பேரென்ன?"

"எழுதியிருக்காரு மேடம். கையெழுத்து முத்து முத்தா இருக்கு. எங்கிட்டதான் கண்ணாடி இல்ல."

அவர் கண்ணாடியைத் தினமும் வீட்டில் மறந்துவிட்டு வருவார். வாயை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. எரிச்சலோடு நான்காவது மாடியிலிருந்து இறங்கிப் போனேன். வரவேற்பறை சோபாவில் யாரும் இல்லை. அதன் ஓர் ஓரம் மட்டும் அமுங்கிக் கிடந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழும்பியது.

"இப்பதானே உக்காந்திருந்தாரு!" என்று அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே நீல உடுப்பு. கால்ல பெரிய பூட்ஸ். பாஸ் வாங்கிட்டு வாட்ச்சையே பாத்துட்டிருந்தாரு."

பார்வையாளர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். வந்த நேரம் 10.20. பாஸ் எண் 17. 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் என் பெயர். 'எந்த நிறுவனம்' என்ற கட்டம் காலி. 'பெயர்' கட்டத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மனைவியைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பெயருக்கு உரியவர் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"விளையாட வேற ஆளே கெடைக்கலையா இவங்களுக்கு?" என்று அண்ணன் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். பதினேழாம் எண் பாஸ் எங்கே என்று மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் பத்தொன்பது வருடமாக ஒப்பந்தம் எழுதுகிறேன். கடலுக்குள் நடக்கிற வேலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் கடல்மேடைக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். போன அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தேன். "எங்கம்மா தரையில உக்காந்துக்கிட்டே கடல ஆளுறாங்க" என்று என் மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எழுத்தில் தப்பே வராது என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நானேதான் ஊர் முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் ஓர் ஏற்பாடு உண்டு. வெளியாட்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஒரு கடல்மேடையில் பல நிறுவனங்களின் ஆட்கள் வேலை செய்கிறார்கள். விபத்து நடந்தால் யார் தப்பு என்று தோண்டிக்கொண்டிருந்தால் வேலை நின்றுவிடும். அதனால் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறோம்: உன் ஆளுக்கு ஏதாவது ஆனால் நீ பார்த்துக்கொள், என் ஆளுக்கு ஏதாவது ஆனால் நான் பார்த்துக்கொள்கிறேன், தப்பு யாருடையது என்று இருவரும் கேட்கக் கூடாது. எங்களுக்குள் இதற்கு 'அவரவர் பாடு' என்று பெயர். நன்றாக எழுதினால் ரொம்ப நியாயமான ஏற்பாடு இது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு ஆளும் யாராவது ஒருவருடைய ஆளாக இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் இரண்டு பட்டியல். எங்கள் பக்கத்துக்கு 'நிறுவனக் குழு', மேடையில் பராமரிப்பு வேலை எடுத்தவர்களுக்கு 'ஒப்பந்தக்காரர் குழு'. ஒவ்வொன்றிலும் ஐந்து வரி. எங்கள் பட்டியலின் ஐந்தாவது வரி, 'நிறுவனம் தனியாக அமர்த்தும் மற்ற ஒப்பந்தக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும்'. ஒரு நாள் இரண்டு நாள் வேலைக்கு நாங்கள் கூப்பிடும் சின்னச் சின்ன ஆட்களெல்லாம் அதில் அடங்குவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வரியை மூன்றாவது இடத்துக்கு நகர்த்துவதற்காகத் திரையில் வெட்டி எடுத்தேன். ஒட்டுவதற்குள் கைபேசி அடித்தது. மகள் பள்ளிக்கூடப் படியில் விழுந்து தாடை கிழிந்துவிட்டதாம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி முகவரியை எங்கிருந்தோ நகலெடுத்து என் கணவருக்கு அனுப்பிவிட்டு ஓடினேன். வெட்டி வைத்திருந்த வரியின் மேல் அந்த முகவரி வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கும். மகளுக்கு மூன்று தையல் போட்டார்கள். வரி போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் கைத்தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். கையெழுத்துக்கு முன் இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தத்தைச் சத்தமாக வாசிப்பது எங்கள் வழக்கம். எதிர்த்தரப்பில் வந்தவரை நாங்கள் 'ஸ்கேல்' என்போம். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார், நெட்டையாக வேறு இருப்பார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் ஸ்கேல் நின்றது.

"உங்க பக்கம் நாலுதான் இருக்கு. எங்க பக்கம் அஞ்சு. 'மற்ற ஒப்பந்தக்காரங்க' எங்க போனாங்க?"

பார்த்தேன். நான்குதான் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மேலதிகாரி எடுத்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு. தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். அப்படிச் சொல்ல வாய் வர வேண்டுமே. எதிர்த்தரப்பு ஆளிடமா, நானா?

"வேணும்னுதான் எடுத்திருக்கோம்" என்றேன்.

"உங்க பக்கம், உங்க இஷ்டம்" என்று டிக் போட்டுவிட்டு அவர் அடுத்த வரிக்குப் போனார். சாப்பிட்டு வந்ததும் மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். கேட்கவில்லை.

வால்வு பழுது பார்க்கிற மூன்று பேர் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கடையிலிருந்து, நோட்டில் பெயர் இருந்த அந்த மனிதரைக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு நாள் வேலை. காலைப் படகில் மேடைக்கு வந்தார். மேடையில் ஆள் பட்டியல் எழுதும் குமாஸ்தா ஒழுங்கானவர். ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் எந்தக் குழு என்று பார்த்து இரண்டு தாளில் எழுதுவார். ஏனென்றால் அபாய மணி அடித்தால் ஒவ்வொரு தரப்பும் தன் குழுவை எண்ணிச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பில் இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். வால்வுக்காரர் இரண்டு குழுவிலும் வரவில்லை. குமாஸ்தா ஒரு மஞ்சள் சீட்டில் அவர் பெயரை எழுதி, அடியில் 'இவர் எந்தக் குழு? கேட்க வேண்டும்' என்று குறித்துப் பலகையில் குத்தி வைத்தார்.

பத்து இருபதுக்கு வாயு கசிந்து மணி அடித்தது. எல்லோரும் கூடும் இடத்துக்கு ஓடினார்கள். எங்கள் மேலாளர் பத்தொன்பது பேரை எண்ணினார், சரி. அவர்கள் தலைவர் அறுபத்து நான்கு பேரை எண்ணினார், சரி. இரண்டு தாளும் சரியாக இருந்ததால் யாரும் உள்ளே போகவில்லை. பதினோரு மணிக்குக் குமாஸ்தா பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் மஞ்சள் சீட்டு அவர் கண்ணில் பட்டது. வால்வு அறைக் கதவுக்குப் பின்னால் வால்வுக்காரர் செத்துக் கிடந்தார். நாற்பது நிமிடத்தில் முதல் இருபத்தைந்து நிமிடமாவது மூச்சு இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். மஞ்சள் சீட்டின் படத்தை விசாரணை அறிக்கையில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள்.

அறிக்கையைப் படித்தபோதுதான் வெட்டிய வரியை ஒட்டாமல் ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. அன்றே மேலதிகாரியின் அறைக்குப் போனேன். எங்கள் பிரிவில் அவருக்கு 'அரைப்புள்ளி' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க விடமாட்டார். "சார், அந்த வரி..." என்று ஆரம்பித்தேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ எங்கிட்ட எதுவும் சொல்லலம்மா. நான் எதுவும் கேக்கல. புரியுதா?"

புரிந்தது. அந்த வரி இருந்தால் வால்வுக்காரர் எங்கள் ஆள். இல்லாவிட்டால் யாருடைய ஆளும் இல்லை. அவர் வேலை பார்த்த கடை அடுத்த மாதமே ஷட்டரை இறக்கிவிட்டது. மனைவி போட்ட வழக்கில் இரண்டு நிறுவனமும் ஒப்பந்தத்தை நீட்டி 'எங்க ஆள் இல்லை' என்றன. யார் ஆள் என்று முடிவு செய்ய விஷயம் இரண்டு நிறுவனமும் சேர்ந்து அமர்த்திய நடுவர்களிடம் போனது. அவர்கள் சொல்லும்வரை அந்த அம்மாவின் வழக்கும் நகராது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எந்த நாட்டுச் சட்டம் இதை ஆளும் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் ஒப்பந்தத்தை ஆள்வது எங்கோ கடல் கடந்த ஒரு நாட்டின் சட்டம். எங்கள் நிறுவனத்தில் யாரும் அங்கே கால் வைத்ததில்லை, செத்துப்போனவர் அந்த நாட்டின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது. அந்தச் சட்டத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான். அதற்கு முன் என்ன பேசினீர்கள், மனசில் என்ன வைத்திருந்தீர்கள் என்று அது கேட்காது. ஒரே ஒரு விதிவிலக்கு. எழுதும்போது தவறிவிட்டது, இரண்டு பேரும் நினைத்தது வேறு என்று காட்டினால் விட்டுப்போன வரியை நடுவர்கள் திரும்பச் சேர்க்கலாம். அதைக் காட்டக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த ஒருத்தி வேணும்னுதான் எடுத்தோம் என்று ஸ்கேலிடம் சொன்னவள்.

செத்தவரின் மனைவி ஒரு தடவை என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடுகிறவர். மதிய இடைவேளையில் கடைச் சீருடையோடேயே வந்திருந்தார். அழுவார், கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. ரெண்டு பேரும் எண்ணிப் பாத்துட்டு சரின்னு சொல்லியிருக்காங்க. அப்போ அவரு யாரு எண்ணிக்கையிலங்க இருந்தாரு?"

"விஷயம் நடுவர்கள் முன்னாடி இருக்கும்மா. இப்ப நான் எதுவும் சொல்லக் கூடாது."

அவர் தலையாட்டினார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்றார். "எங்க கடையில சாயந்தரம் ஒரு சோப்பு குறைஞ்சாக்கூட ரேக்குக்கு அடியில படுத்துத் தேடுவோங்க" என்றார். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

இதற்கெல்லாம் பிறகுதான் பாஸ் 17 வர ஆரம்பித்தது.

இரண்டாவது தடவை வந்தபோதும் மணி பத்து இருபது. ஓடிப்போய்ப் பார்த்தேன், சோபா காலி. நோட்டில் அதே கையெழுத்து, அதே காலிக் கட்டம். அங்கே கேமரா இருக்கிறதே என்று கேட்டேன். அது வாசலில் நிற்கும் வண்டிகளைத்தான் பார்க்குமாம். சோபாவை ஒரு தூண் மறைக்குமாம். "அடுத்த தடவை வந்தா கையப் பிடிச்சு உக்கார வைங்கண்ணே" என்றேன். சிரிப்பதாக நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன்.

மூன்றாவது தடவை அண்ணன் பெருமையாகச் சொன்னார். "இன்னைக்கு விடல மேடம். நானே லிஃப்ட்ல ஏத்தி விட்டுட்டேன். மேல வந்துட்டிருக்காரு."

லிஃப்ட் முன்னால் போய் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கு ஏறியது. நான்கில் நின்று கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. கிரீஸ் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. எங்கள் மாடியில் கிரீஸுக்கு என்ன வேலை? கதவு மூடாமல் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது, யாரோ மெதுவாக இறங்குவது போல. திரும்பி என் மேசைக்கு வந்தால் ஒப்பந்தம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது. நானே விரித்து வைத்திருக்கலாம். அந்த நாட்களில் அந்தப் பக்கத்தைத் தவிர நான் வேறு எதையும் படிக்கவில்லை.

பயமாக இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம்? பேய்க்குப் பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் வந்து என்னைத் திட்டவில்லை, கழுத்தைப் பிடிக்கவில்லை. பாஸ் வாங்கி, முறையாகக் கையெழுத்துப் போட்டு, காத்திருந்துவிட்டுப் போகிறார். முறை தவறியவள் நான் ஒருத்திதான் என்பதுதான் என்னைப் படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வளர்ந்துவிட்டாள், இருந்தாலும் ஞாயிறு மட்டும் என் கை வேண்டும். கண்ணாடியில் அவள் தாடைத் தழும்பு தெரிந்தது. கை நின்றுவிட்டது. "என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். அவள் எழுந்து போனதும் என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப என்ன கேக்கிறாங்க உன்ன?"

"வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும். ஒன்பதாவது பத்தியில, அந்த வரிய நல்லா யோசிச்சு வேணும்னேதான் எடுத்தோம்னு இருக்கு. ஸ்கேலும் அதையே சொல்லிட்டாரு. நான்தானே அவர்கிட்ட அப்படிச் சொன்னேன்."

"போடலன்னா?"

"அரைப்புள்ளி முற்றுப்புள்ளி வச்சிடுவாரு. வேலைக்கு."

அவர் சிரிக்கவில்லை. "லேப் முடிஞ்சதும் நான் பசங்களப் பேர் சொல்லி எண்ணுவேன். எண்ணிக்கை சரியா இருந்தாலும் பூட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலயும் குனிஞ்சு பாப்பேன்" என்றார்.

"எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?"

"இல்லடி. பழக்கத்தச் சொல்றேன்" என்று மறுபடி தாளை எடுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

வியாழன் வந்தது. வாக்குமூலம் என் மேசையில் இருந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறியோடு. பேனாவைத் திறந்தேன், மூடினேன். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால். ஒரு வீட்டுக் கடன், ஒரு மகள், பத்தொன்பது வருடம். செத்தவர் செத்துவிட்டார். பேனாவை மறுபடி திறந்தபோது தீ மணி அடித்தது.

ஒத்திகைதான். போன மாதமே அறிவித்திருந்தார்கள். எங்கள் மாடிக்குப் பொறுப்பு நான். ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் படியில் இறக்கி வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு பேர். இரண்டு தடவை எண்ணினேன். "நான்காவது மாடி, சரி" என்றேன். மற்ற மாடிகளும் சரி, சரி என்றன. வெயிலில் நின்ற ஜனம் கலைய ஆரம்பித்தது.

செக்யூரிட்டி அண்ணன் பார்வையாளர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று பார்த்துக் கண்ணாடி போட்டிருந்தார். "விசிட்டர் மூணு பேரு. ரெண்டு பேரு வந்துட்டாங்க. பாஸ் பதினேழு வரல. நாலாவது மாடி. மேடத்தப் பாக்க வந்தவரு, சரியா பத்து இருபதுக்கு மாடிக்குப் போனாரு. மேடத்துக்குச் சொல்றதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

நான் என் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பெயர் அதில் இல்லை.

"விசிட்டர் எங்க லிஸ்ட்ல வராது" என்றார் அரைப்புள்ளி. "அது செக்யூரிட்டி வேலை."

"பாஸ் குடுத்து மேல அனுப்புற வரைக்கும்தான் சார் எங்க வேலை. மேல போயிட்டா அந்த மாடிக்காரங்க பொறுப்பு. வேணும்னா ரூல் புக்கப் பாருங்க."

"எங்க லிஸ்ட்ல பேர் இருக்கா இல்லையா? இல்ல. அப்புறம்?"

"என் நோட்டுல இருக்கு சார். ஆனா என் ஆளு இல்ல."

இருவர் சொன்னதும் சரி. ரூல் புக்கில் அப்படித்தான் இருக்கிறது. நூறு பேர் நின்றோம். ஒருவர் கால்கூட அசையவில்லை. "ஒத்திகைதானே, விடுங்கப்பா, டீ ஆறிடும்" என்று யாரோ சொன்னார்கள், சிரித்தார்கள். அந்த மேடையிலும் இப்படித்தான் நின்றிருப்பார்கள். கெட்டவர்கள் யாருமில்லை. கையில் ஆளுக்கொரு தாள், இரண்டும் சரி.

நான் ஓடினேன். "ஏய், எங்கம்மா போற? மணி அடிக்கிறப்ப உள்ள போகக் கூடாது!" என்று அரைப்புள்ளி பின்னாலிருந்து கத்தினார். அப்படி ஒரு ஆள் உள்ளே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினேன்.

படி ஏறும்போது மணிச் சத்தம் மண்டைக்குள் அறைந்தது. நான்காவது மாடியில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன, பாதிக் குடித்த காபிக் கோப்பைகள், நகர்ந்து கிடந்த நாற்காலிகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மீட்டிங் அறை, கழிப்பறை, பிரிண்டர் மூலை. ஒவ்வொரு மேசைக்கும் அடியில் குனிந்து பார்த்தேன். முழங்கால் தரையில் இடித்தது. எத்தனை மேசை, எத்தனை நேரம் என்று எனக்கு நினைவில்லை. கடைசியாகக் கோப்பு அறை. கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், ஏதோ தடுத்தது. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதன் மேல் பதினேழாம் எண் பாஸ். கையில் எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து இப்போதுதான் எடுத்து வைத்தது போலச் சூடாக இருந்தது. கிரீஸ் வாடை.

"நான்தாங்க" என்றேன். "கை தவறி வெட்டிட்டேன். வேணும்னு எடுக்கல. கேட்டப்ப தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, வேணும்னேதான்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தைங்க. வெறும் திமிரு."

மணி நின்றது. ஒத்திகை முடிந்தால் நிற்கத்தான் செய்யும். இருந்தாலும் அந்த அமைதியில் யாரோ நீளமாக ஒரு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் விட்ட மூச்சாகவே இருக்கட்டும்.

என் மேசைக்குப் போய் ஒன்பதாவது பத்தியை அடித்தேன். ஓரத்தில் நடந்ததை எழுதினேன்: செவ்வாய்க்கிழமை, பள்ளியிலிருந்து வந்த அழைப்பு, ஆஸ்பத்திரி முகவரி, ஸ்கேல் கேட்ட கேள்வி, நான் சொன்ன பொய். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு அசிங்கமான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எல்லோரும் இன்னும் வெயிலில்தான் நின்றார்கள். தாளை அரைப்புள்ளியின் கையில் கொடுத்தேன். படித்தார். முகம் வெளுத்தது. "உனக்கு என்ன ஆச்சுன்னு..." என்று தொடங்கி, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் வாக்கியத்தையே முடிக்காமல் விட்டார்.

"ஆள் கெடச்சாரா மேடம்?" என்றார் அண்ணன்.

"கெடச்சாருண்ணே." பாஸை அவரிடம் நீட்டினேன்.

"அப்பாடா. இந்த மனுசன் எந்த கம்பெனின்னு ஒரு நாளும் எழுத மாட்டேங்கறாரு மேடம். மூணு தடவையும் காலி, இன்னைக்கும் காலி."

நோட்டை வாங்கி, நான்கு கட்டத்திலும் எங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதினேன். "எங்க ஆளுண்ணே" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அரைப்புள்ளிக்குக் கேட்டது, நூறு பேருக்கும் கேட்டது. மாலையில் அந்த மளிகைக் கடைக்குப் போய், பில் போடும் இடத்தில் வரிசையில் நின்று, அந்த அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வெளியே போன நேரம் எழுதுவதற்காக வாட்ச்சைப் பார்த்தார். "கரெக்டா பதினொண்ணு" என்றார்.

பத்து இருபதிலிருந்து பதினொன்று. நானும் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.